ஹில்டுரின் கனம்

பல மாத விடுப்புக்குப் பிறகு வந்து கதவைத் திறந்ததும் மாலின் பார்த்தது சன்னலோர நாற்காலியைத்தான். காலியாக இருந்தது.

ஹில்டுர் கட்டிலில் கிடந்தார். இந்நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, லூலியோ துறைமுகத்தில் பனிக்கட்டியை உடைக்கிற கப்பலைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியவர்.

அந்த முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்கக் கூரையிலேயே இயந்திரம் உண்டு. தூளி மாதிரி ஒரு துணியில் தொங்க வேண்டும். ஹில்டுருக்கு அது ஆகவே ஆகாது. "நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று ஒரே அடம். அதனால் பணிப்பெண் மாலின், விதியை மீறி, அவரைக் கட்டிப்பிடித்துக் கையாலேயே தூக்கி உட்கார வைப்பாள். ஆள் நல்ல கனம். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது.

பிறகுதான் மாலினுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது கால் துவண்டே கிடந்தது.

அந்தக் காலில் பலம் ஏற்றுவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! பாயில் மல்லாந்து இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். படி விளிம்பில் நுனிக்காலில் நின்று நடுங்கினாள். பயிற்சி கொடுத்தவன், "ஒலிம்பிக்குக்கா போறீங்க?" என்று கிண்டலடித்தான்.

அதெல்லாம் இல்லை. ஹில்டுரை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"எழுந்திருங்க ஹில்டுர். உங்க திட்டு கிடைக்காம கப்பல் ஏங்கிப்போச்சு."

"வந்துட்டியா கண்ணு!"

மாலின் போர்வையை விலக்கினாள். அடப் பாவமே! கால்களில் சதை என்று ஒன்றுமே இல்லை. இத்தனை மாதமும் இவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"யாரையும் தூக்க விடல. இன்னொருத்தி முதுகையும் நான் உடைக்கணுமா? சாப்பாட்டையும் பாதியாக் குறைச்சிட்டேன்," என்றார் ஹில்டுர், பெருமையாக. "இப்பத் தூக்கிப் பாரு. கனமே இருக்க மாட்டேன்."

மாலின் தூக்கினாள். தலையணை மாதிரி வந்துவிட்டார். இதற்குப் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலில் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

அவளுக்கு டிஸ்க் விலகியது ஒரு விடுமுறை நாளில். வீட்டு வாசலில், காருக்குக் குளிர்கால டயர் மாற்றும்போது.

வேலையில் பட்ட அடி என்றால் இழப்பீடு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஹில்டுரைத் தூக்கும்போதா?" என்று மேலாளர் கேட்டதும், தலையாட்டிவிட்டாள்.