முதலாளி மேல் ஒரு புகார்

‘எங்கள் முதலாளி தினமும் திருட்டுத்தனம் செய்கிறார்’ என்று கணினியில் தட்டிவிட்டு, ஆபீஸ் கிராணி மோகனா திரும்பிப் பார்த்தாள். அந்த முதலாளியே அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் நிறுத்திட்ட? அடி லா!” என்றார் நல்லமுத்து, கையிலிருந்த இனிப்புச் சென்டோல் பானத்தை உறிஞ்சிக்கொண்டே. “மூணு மணியானா சென்டோல் வாங்கிக் குடிக்கிறாரு. வீட்டுச் சாப்பாட்ட கேட்ல நிக்கிற ஜாகாகிட்ட தள்ளி விட்டுடறாரு. எல்லாத்தையும் போடு.”

“முதலாளி, நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது...”

“நான்தானே போடச் சொல்றேன்!”

பாயா ரும்புட்டில் அவருக்கு இருபது லோரிகள். கம்பெனிக்குள் வரும் புகார்கள் தானாகவே உரியவரிடம் போய்ச் சேர ஒரு மென்பொருள் செய்து கொண்டுவந்திருந்தாள் தேவிஸ்ரீ. இருந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு இதுதான் முதல் கான்ட்ராக்ட். கிடைக்காவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில் போய்த் தலையைச் சொறிய வேண்டும், பாவம்.

“யாரைப் பத்திப் புகாரோ, அவங்களுக்குப் போகாது அங்கிள். அவங்கள யாரு கேள்வி கேக்கலாம்னு பார்த்துப் போகும். அவங்க லீவுன்னா, அதுவே வேற வழி தேடிக்கும்,” என்று காலையிலேயே விளக்கியிருந்தாள். “கம்பெனி ரெஜிஸ்டர் பண்ண தாள்ல இருக்கிற பேரு, நம்பரு எல்லாம் ஏத்திட்டேன்.”

சொன்னபடியே ஓட்டுநர் மேல் போட்ட புகார் சூப்பர்வைசருக்குப் போனது. சூப்பர்வைசர் மேல் போட்டது மேனேஜருக்குப் போனது. அதைப் பார்த்ததும் நல்லமுத்துவுக்குக் குறும்பு தலைக்கேறிவிட்டது.

“என்னைக் கேள்வி கேக்க இங்க யாரும்மா இருக்கா? என் மேல போடுற புகாரு ஒரு ஆளுகிட்ட போய்ச் சேரட்டும், இப்பவே சைன் பண்றேன். சேரலன்னா மூட்டையக் கட்டிக்க!”

மோகனா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். ‘அனுப்பியாகிவிட்டது’ என்று திரை சொன்னது. அறையில் யாருடைய ஃபோனும் சத்தம் போடவில்லை.

ஐந்து நிமிடம் போனது. “எங்கம்மா போச்சு, வானத்துக்கா?” நல்லமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். தேவிஸ்ரீ பேனாவின் மூடியைத் திறந்து கான்ட்ராக்ட் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது நல்லமுத்துவின் ஃபோன் அடித்தது. அவர் மனைவி ஜெயமணி. சீனி வியாதிக்காரரான கணவர், தான் கட்டிக்கொடுத்ததைச் சாப்பிட்டாரா என்று தினமும் கேட்பது அந்த அம்மாவின் வழக்கம்.

“உஷ்!” என்று எல்லாரையும் அடக்கினார். ஒரு கையில் சென்டோல் இருந்ததால் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சாப்ட்டேன்மா. நீ கட்டிக்குடுத்த ஓட்ஸ் தோசை இருக்கே, அமிர்தம்!”

“அப்படிங்களா? கம்பெனியோட ரெண்டாவது டைரக்டர் பேசுறேன்... சென்டோல் எப்படிங்க இருக்கு?”