காரம் போதாத அறிக்கை

“‘தவறு’ எண்டு போட்டா ஆர் கணக்கெடுக்கப் போறான்? ‘துரோகம்’ எண்டு போடு பிள்ளை!”

யேசுரட்ணம் மேசையில் ஓங்கித் தட்டினார். தட்டச்சுப் பொறியின் முன்னால் இருந்த நேசமலர் திடுக்கிட்டுத் தாளை உருவினாள். கொட்டாஞ்சேனைக் கட்சி அலுவலகத்தின் மேல்மாடியில் காலை பத்து மணிக்கே வியர்த்துக் கொட்டியது.

கட்சி அமைப்பாளர் றேமண்டுக்கு உள்ளூரச் சந்தோஷம். கிழவர் முரண்டு பிடிப்பார் என்ற பயத்தோடுதான் அவர் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். இங்கே பார்த்தால் கிழவர் தன்னைவிடக் கொதிக்கிறார்.

யேசுரட்ணம் துறைமுகத் தொழிற்சங்கத்திலிருந்து பாராளுமன்றம் போன எதிர்க்கட்சி உறுப்பினர். துறைமுகத்தைப் பற்றி அவர் கையெழுத்தோடு ஓர் அறிக்கை வந்தால் எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடும்.

விஷயமும் லேசானதல்ல. மாவும் மருந்தும் மட்டும் என்று அமைச்சர் சத்தியம் செய்து முந்தநாள் போர் நடக்கும் வடக்கே அனுப்பிய கப்பலில், முந்நூறு படையினரும் ஒளிந்து பயணம் செய்கிறார்கள். துறைமுகத்தில் யாரோ ஒருவர் யேசுரட்ணத்துக்கு எழுதிய கடிதம் எப்படியோ கட்சித் தலைவரின் கைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் தேர்தல்.

“பன்னிரண்டு மணி ரேடியோச் செய்தியில இது போகவேணும் ஐயா. நீங்க கையெழுத்து வைக்காட்டியும் தலைவர் தன்ட பேரில விடுவார். ஆனா உங்கட கையெழுத்தெண்டா அமைச்சர் அதோட சரி.”

“வைக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது? காரம் போதாது எண்டுதானே சொல்லுறன்.”

நேசமலரின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. “சேர், கப்பல் இன்னும் நடுக்கடலிலதானே? ரேடியோவில இதைக் கேட்டா, வடக்கில துவக்கோட காத்துக்கொண்டு நிக்கிற இயக்கக்காரர் கப்பலைச் சும்மா விடுவாங்களா? கப்பல்ல வேலை செய்யிற ஆக்களில அரைவாசி எங்கட தெருப் பெடியன்மார்.”

“அது அரசாங்கத்தின்ட தலையிடி. எங்கட இல்லை” என்றார் றேமண்ட்.

அவள் யேசுரட்ணத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவேயில்லை.

“கதைச்சது காணும். நீ அடி.”

இரண்டாவது பிரதி வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தார். அமைச்சரின் பட்டம் பிழை என்றார். கப்பல் புறப்பட்ட கிழமை விடுபட்டிருக்கிறது என்றார். மூன்றாவது பிரதியில் பந்திகளை மேலும் கீழுமாக மாற்றினார்.

நான்காவதில் ‘துரோகம்’ என்ற சொல்லை வெட்டி, மேலே ‘தவறு’ என்று எழுதினார்.

“சேர், இது நீங்க முதல் வெட்டின சொல்லெல்லோ?”

“தெரியும். அடி.”

தொலைபேசி அலறியது. நுகேகொடையிலிருந்து தலைவர். “பத்து நிமிஷம் சேர், பத்தே நிமிஷம்” என்று றேமண்ட் குழைந்துகொண்டிருக்கும்போதே, யேசுரட்ணம் எழுந்து வந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

“தலைவர், முப்பது வருஷம் துறைமுகத்தில தொண்டை கிழியக் கத்தினவன் நான். என்ட பேரில போற தாளில ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது. அவசரமெண்டா என்ட பேர் இல்லாமப் போடுங்க. கடிதமே பொய்யெண்டு அமைச்சர் சிரிப்பார். அப்ப சாட்சிக்கு என்னட்ட வரவேண்டாம்!”

மறுமுனை இறங்கி வந்திருக்க வேண்டும். அவர் ரிசீவரை வைத்துவிட்டுத் தன் கதிரையில் போய்ச் சாய்ந்தார். கட்சிக்குள் தலைவரிடம் அப்படி யாரும் பேசி நேசமலர் கேட்டதில்லை.

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. ரேடியோச் செய்தி போய்விட்டது. அறிக்கைக்காகக் கீழே காத்திருந்து, பிளேன்டீ குடித்துக் குடித்துக் களைத்த நிருபர்கள் ஒவ்வொருவராகப் புறக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒரு மணிக்கு ஆறாவது பிரதி மேசைக்கு வந்தபோது இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

மறுபடியும் தொலைபேசி. தலைவராக இருக்கும் என்று றேமண்ட் அதைத் தொடவே பயந்தார். யேசுரட்ணம்தான் எடுத்தார்.

“ஓம்... எல்லாருமா?... சரி, வையும்.”

அவர் பேனையைத் திறந்தார். ஆறாவது பிரதியை வாசிக்கவேயில்லை. அடியில் கையெழுத்தை இழுத்துவிட்டு, தாளை றேமண்டின் பக்கம் தள்ளினார்.

“இந்தாரும். அமைச்சர் பொய் சொன்னது உண்மை. போய் வாசியும்.”

றேமண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “இனி ஆருக்கு வாசிக்க? மூண்டு மணித்தியாலம் ஐயா! ஒரு சொல்லை வெட்டி, திரும்ப அதையே போட்டு... இதைத் தலைவருக்குச் சொன்னா இந்தமுறை உங்களுக்கு சீட்டும் இல்லை, கட்சியும் இல்லை!”

“சொல்லும். தாராளமாச் சொல்லும்.”

“ஏன் பிந்தினதெண்டு கேப்பார். என்ன காரணம் சொல்ல?”

யேசுரட்ணம் எழுந்து நின்று, அவர் கண்களை நேராகப் பார்த்தார்.

“கப்பல் கரை சேர்ந்திட்டுது எண்டு சொல்லும்.”