வளைவுக்கு முன்னால்

“வண்டியை நிறுத்துங்க!” என்றாள் பின்சீட்டில் இருந்த டாக்டர். அவள் கையில் வயர்லெஸ் மைக்.

ஜீப்பை ஓட்டிய கணவன் பிரேக்கை அழுத்தினான். “பாதி வழிகூடத் தாண்டலை. இப்பவே நேரமாச்சும்மா.”

“இந்த வளைவைத் தாண்டினா மலை மறைச்சிடும், ரிப்பீட்டர் கிடைக்காது. பாவம், அந்தப் பொண்ணு தனியாத் தவிச்சுப் போயிடுவா.”

மலை உச்சியில் வயர்லெஸ் அலைகளை வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் கருவிதான் ஜீப்பையும், மலைக்கு அந்தப் பக்கமிருந்த சுகாதார நிலையத்தையும் பேச வைத்துக்கொண்டிருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த நர்ஸ் முதன்முறையாகத் தனியே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், தலை வந்துடுச்சு! ஆனா கழுத்துல கொடி சுத்தியிருக்கு!”

“பதறாதே. கொடிக்குள்ள விரலை விட்டு மெல்லத் தளர்த்து. அப்புறம் சங்கிலியைக் கழட்டுற மாதிரி தலை வழியாக் கழட்டிடு.”

சொல்லிவிட்டு டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்களை மூடினாள். கணவன் சாவியில் கை வைத்தான். அவள் தலையசைத்துத் தடுத்தாள்.

“டாக்டர், இருக்கீங்களா?”

“எங்கேயும் போகலை. கழண்டுச்சா?”

பதிலாகக் குழந்தையின் அழுகை வந்தது. கூடவே நர்ஸின் அழுகையும்.

அதே ரிப்பீட்டர் வழியாக டவுன் ஆஸ்பத்திரியின் குரல் குறுக்கிட்டது. “சபாஷ் டாக்டர்! இங்கே எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருந்தோம்.”

“கேட்டது போதும். பிரசவ அறையைத் தயார் பண்ணுங்க. வந்துக்கிட்டே இருக்கோம்.”

“யாருக்கு டாக்டர்?”

“எனக்குத்தான்!” என்றவள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கணவனின் தோளைத் தட்டினாள். “ம், இப்ப விரட்டுங்க!”