சைகோன் களிம்பு

செல்லிப்பட்டில் பலராமனிடம் காளை வாங்கப் போனார் பக்கிரி. நெற்றியில் கெட்ட சுழி உள்ள மாடு குடியைக் கெடுத்துவிடும் என்று பயந்து, பெற்ற பிள்ளையே நல்ல மாடென்று சொன்னாலும் தானே பார்க்காமல் வாங்கமாட்டார் கிழவர்.

வீட்டுக்குள் பலராமன் பெண்டாட்டி மகளை விளாசிக்கொண்டிருந்தாள். "உன் மாமன் சைகோன்லேந்து என் கால் வெடிப்புக்கு அனுப்புன ரோசாப்பூ களிம்புடி! தலையில தடவித் தீத்துட்டியே!"

"நான் தொடவேயில்லம்மா!"

"அது கெடக்குது, நீ மாட்டப் பாரு மாமா" என்றான் பலராமன். "நெத்தியில சுழி எதுனா கீதா?"

இல்லைதான். பக்கிரி கயிற்றை வாங்கினார். காளை தலையை ஆட்டியதும் ரோசாப்பூ வாசனை குப்பென்று அடித்தது. மேல்துண்டால் அதன் நெற்றியை அழுத்தித் துடைத்தார். படிந்திருந்த மயிர் சிலிர்த்தெழுந்து, கெட்ட சுழி வட்டமாக விரிந்தது.

கயிற்றைப் பலராமன் கையிலேயே திணித்துவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்: "பொண்ண வுடும்மா! உன் களிம்பத் தலையில பூசிக்கினு நிக்கிறது இந்தக் காளைதான்!"