பன்னிரண்டாம் கேள்வி

ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்தான். பொங்கும் முன் அடுப்பை அணைத்தான்.

பத்து மணிக்கு, வீடு வாங்குகிறவர்கள் வருகிறார்கள்.

அதற்குள் மேசையைக் காலி செய்ய வேண்டும். மனைவி இறந்து நாற்பத்தொரு நாள். அவள் மேசை மட்டும் அப்படியே கிடந்தது.

அவள் பாடம் நடத்திய எட்டாம் வகுப்பின் விடைத்தாள்கள். மேலே சிவப்புப் பேனா, மூடி இல்லாமல்.

பன்னிரண்டாம் கேள்வி: டென்மார்க் அரசு தரங்கம்பாடியை ஏன் விற்றது?

நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

கப்பல் வரத்து குறைந்துவிட்டது என்றது ஒரு தாள். இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கொள்வதற்குள் விற்றார்கள் என்றது இன்னொன்று. ராஜாவுக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவன். அந்த ராஜா இங்கே வந்ததே இல்லை. அதற்கும் அரை மதிப்பெண் போட்டிருந்தாள்.

உண்மையில் ஏன் விற்றார்கள்?

டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையைத் தாண்டித்தான் வாராவாரம் வீட்டுக்கு வருவான். ஒரு நாளும் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

போன் அடித்தது. தரகர் மரியநாதன்.

"தம்பி, கடலப் பாத்த வீடு, இவ்ளோ நல்லா வெச்சிருக்காரு, எதுக்கு விக்கிறாருன்னு பார்ட்டி கேக்குறாங்க. பேய் கீய் இருக்குமோன்னு அந்தம்மாவுக்குச் சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க."

"வேலை ஓசூர்லண்ணே. தூரம்."

"அதச் சொல்லிர்றேன்."

அடுத்த தாள் பெனிட்டா என்ற பெண்ணுடையது. ஒரே வரி. டென்மார்க் ரொம்ப தூரம், அதனால் விற்றார்கள்.

பக்கத்தில் சிவப்பில் அவள் கையெழுத்து.

ஆண்ட இருநூற்று இருபத்தைந்து வருஷமும் அதே தூரம்தானே? யோசி.

யோசித்தான்.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓசூரிலிருந்து பஸ், ஒன்பது மணி நேரம். ஒரு வாரம்கூடத் தூரம் என்று சொன்னதில்லை.

பெனிட்டாவுக்குக் கீழே இருந்த தாள்களில் சிவப்பே இல்லை. எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வாசலில் கார் நின்றது. மரியநாதன் கேட்டைத் தட்டினார்.

பேனாவை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். எழுதவில்லை. அழுத்திக் கிறுக்கினான். எழுதியது.

காய்ச்சலோடு ஆட்டோவில் ஏறும்போது அவள் கடைசியாகச் சொன்னது:

"ஏழு பேப்பர்தாங்க பாக்கி. வந்து திருத்திக்கிறேன். மேசைய ஒதுக்கிடாதீங்க."