லிமாவில் தேர்

ரமேஷின் கையில் டிராகன் சீட்டு இருந்தது. அதை இறக்கினால் கார்லோஸ் காலி.

மூன்று வருடங்களாக அவன் கார்லோஸை ஜெயித்ததில்லை. இன்று இறுதிப் போட்டி.

விளையாட்டு அரதப் பழசு. கம்ப்யூட்டர் திரையில் சீட்டைப் போட்டால் அதிலுள்ள பூதம் எழுந்து வந்து எதிராளியின் பூதத்தை அடிக்கும்; ஒருவர் கைச் சீட்டு மற்றவருக்கும் தெரியும். உலகம் அதை மறந்துவிட்டது. ஸ்பானிய மொழிக்காரர்கள் மட்டும் மறக்கவில்லை. வாராவாரம் பந்தயம் வைக்கிறார்கள். தோற்றவனைத் தேற்றுகிறார்கள். வேற்று மொழிக்காரர்களைச் சேர்ப்பதில்லை.

அதனால் திருப்போரூரில் மனை விற்கும் ரமேஷ், அங்கே அர்ஜென்டினா நாட்டு ராமோன். பேச்சுக்கு மொழிபெயர்ப்புச் செயலி.

லிமா நகரத்துக் கார்லோஸைப் போல ஒரு நண்பன் அவனுக்குத் தமிழில் வாய்க்கவில்லை. மொட்டை மாடித் தண்ணீர் யார் பக்கம் வழிவது என்ற தகராறில் பக்கத்து வீட்டு மச்சான் மணி பேச்சை முறித்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பியபோது, ரமேஷ் கார்லோஸிடம்தான் கொட்டினான்.

'என் மனைவியின் அண்ணன் ஒரு கழுதை.'

'வருந்தாதே நண்பா' என்று கார்லோஸ் பதில் எழுதினான். 'எனக்கும் அப்படி ஒரு மச்சான் வாய்த்திருக்கிறான். என் தங்கை பாவம்.'

“யோவ், தேரு நம்ம தெருவுக்கு வந்துடுச்சு. உள்ள இன்னா பண்ணிகினு கீற?” வாசலிலிருந்து மனைவி ரேணுகா கத்தினாள்.

ரமேஷ் டிராகனைத் தொடப் போனான்.

கரண்ட் போனது.

தேர் மின்கம்பியில் உரசாதிருக்க, அது கடக்கும்வரை தெருவுக்குக் கரண்டை நிறுத்திவைப்பார்கள். வருடாவருடம் நடப்பதுதான். அர்ஜென்டினாவில் இருந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை.

பந்தய விதி கடுமையானது. நடுவில் காணாமல் போனவன் தோற்றவன். இருவரின் தொடர்பும் ஒரே நொடியில் அறுபட்டால் மட்டுமே ஆட்டம் நின்ற இடத்தில் நிற்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அலறினான். “அடப்பாவிங்களா, ஃபைனல்டா! ஒரு நிமிசம் பொறுத்துப் புடுங்கக் கூடாதா?”

தேர் தெருமுனை திரும்பும்வரை ரமேஷ் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரண்ட் வந்தது. ஆட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

'மன்னிக்கவும் நண்பா' என்று கார்லோஸ் எழுதினான். 'எங்கள் தெருவில் ஒரு புனிதரின் ஊர்வலம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.'

இங்கே காலை பத்தரை மணி. லிமாவில் அப்போது நள்ளிரவு.

'இங்கேயும் அதே புனிதர்தான்' என்று ரமேஷ் அடித்தான். அழித்தான். யோசித்து வேறொன்று கேட்டான்.

'உன் மச்சான் எப்படி இருக்கிறான்?'

சுவருக்கு அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

'கழுதைதான். மாறவே இல்லை. ஆனால் நன்றாக விளையாடுகிறான். டிராகனை இறக்கச் சொல்.'