பத்தடிதான் பாக்கி

பழைய ஆறு ஓடிய தடத்திலேயே கால்வாயை வெட்டியிருந்தார்கள். அதனால் வெட்டுகிற வேலை பாதியாகக் குறைந்ததாம். மதகை அடைத்துத் தூர்வார ஆட்கள் இறங்கியபோது தரை வறண்டு வெடித்திருந்தது. முதல் நாள் கரையேறும்போது எல்லோருக்கும் முழங்கால்வரை துணி நனைந்திருந்தது. மறுநாள் இடுப்புவரை. மூன்றாம் நாள் மார்புவரை.

"வேர்வையா இருக்கும், வேலையப் பாருங்க" என்றார் கரையைவிட்டு இறங்காத மேஸ்திரி.

நாலாம் நாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே வந்தார்கள்.

"பத்தடிதான் பாக்கி. நீ குள்ளம், மேலயே இரு. எனக்குக் கழுத்துவரைக்கும்தான் வரும்" என்று சிரித்தபடி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் இறங்கினான்.

மத்தியானம் அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். மண்வெட்டி மட்டும் கிடந்தது. காற்றே இல்லை. அவன் துண்டு, காய்ந்த தரைக்கு மேலே ஓராள் உயரத்தில், ஆறு போன திசையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.